அம்மாவுக்குப் போட்ட அட்டென்டன்ஸ்

ஜெனிட்டா,

எலுமிச்சை சாதம் ஹாட் பாக்ஸில் இருக்கிறது. உப்பு கொஞ்சம் அதிகம், கோபத்தில் போட்டது.

"செத்துப்போனவங்களுக்கு யாராவது அட்டென்டன்ஸ் குடுப்பாங்களாப்பா?" என்று நேற்று நீ கேட்டது சரிதான். ஆனால் நான் வேண்டுமென்று செய்யவில்லை. பிளஸ் டூ ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சிக்குப் பதினைந்து வருடமாக நாங்கள் ஒன்றாகத்தான் போனோம். அம்மா கேட்டிலேயே யாருடனாவது பேச நின்றுவிடுவாள், உள்ளே நான் சமாளிப்பேன். நேற்று கூடுவாஞ்சேரியில் பழைய பட்டியலைப் பார்த்து "அருள்மேரி டீச்சர்" என்று கூப்பிட்டதும், "வந்துட்டே இருக்காங்க சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர்களும் டிக் அடித்து, இன்று நடத்த வேண்டிய மாதிரி வகுப்பை அம்மா பேரில் போட்டுவிட்டார்கள். பாடம் வேதியியல். நானோ வரலாறு.

சீக்கிரமே போய், அம்மா இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை எல்லோருக்கும் நீதான் போன் போட்டுச் சொன்னாய். நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்பா

பி.கு.: காஸ் சிலிண்டர் வரும். ஓடிபி உன் போனுக்குத்தான்.

இன்னொன்று: அம்மாவின் கெமிஸ்ட்ரி நோட்டைத் தேடாதே. எதற்கும் இருக்கட்டும் என்று பையில் வைத்திருக்கிறேன்.