நான்காம் அத்தியாயத்துப் பெண்

கார்ஸ்,
துருக்கி,
12 அக்டோபர் 1986

என் செல்லத் தங்கை நெர்மினுக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் இங்கே முதல் பனி விழுந்தது. புத்தகம் அச்சாகிவிட்டதாமே! உன் அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. மாவு மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம கொழுந்தியா புத்தகம் போட்டிருக்கா, அங்காராவுல பெரிய வாத்தியாரம்மா" என்கிறார். எதைப் பற்றிய புத்தகம் என்று யாராவது கேட்டால் விழிக்கிறார். நானும்தான் விழிக்கிறேன். பாணர்கள் பாடும் காதல் கதைகளையும் நாவல்களையும் வைத்து நம் சமூகத்தை ஆராய்ந்திருப்பதாக எழுதியிருந்தாய். பாட்டில் பாட்டு இருக்கும், கதையில் கதை இருக்கும். இதில் ஆராய என்ன இருக்கிறதோ, உனக்குத்தான் வெளிச்சம்.

விஷயம் தெரிந்ததும் பாணர் ரஹ்மி தேநீர்க் கடையில் எங்கள் கல்யாணக் கதையை மறுபடி பாடினாராம். ஊற்றுக்குப் போன பெரிஹானைத் துர்சுன் குதிரையில் தூக்கிப் போனதும், அவள் அவன் முதுகைக் கட்டிக்கொண்டு சிரித்ததும். "நம்ம கதையும் அதுல இருக்கான்னு கேட்டு எழுது" என்று அத்தான் நச்சரிக்கிறார்.

அம்மா போனபோது வந்தவள், அதோடு இந்தப் பக்கமே காணோம். உனக்காக ஒரு வாத்தை உப்புப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். என் கடைக்குட்டி சொங்குல் அதன் மேல் கண் வைத்திருக்கிறாள். சீக்கிரம் வா.

உன் அக்கா
பெரிஹான்


அங்காரா,
3 நவம்பர் 1986

அன்புள்ள அக்கா,

புத்தகம் தனிப் பொட்டலமாக வருகிறது. படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பல்கலைக்கழகத்துக்காக எழுதியது, நடை கரடுமுரடாக இருக்கும். கண்ணாடி அலமாரியில் வைத்தால் போதும். உங்கள் பெயர் எதுவும் அதில் இல்லை என்று அத்தானிடம் சொல். சொங்குலுக்கு என் முத்தம். வாத்தை அவளே சாப்பிடட்டும், இந்தப் பருவத்தில் என்னால் வர முடியாது போலிருக்கிறது.

உன்
நெர்மின்


கார்ஸ்,
20 டிசம்பர் 1986

நெர்மின்,

அலமாரியில் வைக்க அத்தான் விடவில்லை. மார்போடு அணைத்துத் தேநீர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூட வாத்தியார் வெய்சல் உரக்கப் படித்திருக்கிறார். நான்காம் அத்தியாயத்தில் ஒரு பெண் வருகிறாளாமே. கார்ஸ் பக்கத்துக் கிராமம், ஊற்றுக்குப் போகும் பாதை, சாம்பல் நிறக் குதிரை, மாவு மில்காரன். பெயரை எடுத்துவிட்டால் நான் இல்லை என்றாகிவிடுமா?

அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்தினாள், அவன் கையைக் கடித்தாள் என்று எழுதியிருக்கிறாய். பாணர்கள் கடத்தலைக் காதலாக்குகிறார்கள், நாவலாசிரியர்கள் அதைக் கொடுமையாகக் காட்டுகிறார்கள், அகப்பட்ட பெண்ணோ பிழைத்துக் கிடப்பதற்காகப் பாணரின் கதைக்குள் குடிபோய்விடுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் வாத்தியாரே நிறுத்திவிட்டாராம். ரஹ்மி வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம்.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் நீயும் நானும் மாவு பிசைந்துகொண்டிருந்தோம். பெற்றவளிடம்கூடச் சொல்லாததை அன்று உன்னிடம் சொன்னேன். நீ மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய். அழும்போதே மனப்பாடம் செய்துகொண்டாயா?

நீ எழுதியது பொய்யாக இருந்தால் நான் கடை வாசலில் போய் நின்று மறுத்திருப்பேன். ஆமாம், அந்தக் கதைக்குள்தான் குடியிருந்தேன். அதில் இருந்துகொண்டுதான் பிள்ளை பெற்றேன், சமைத்தேன், கல்யாண வீடுகளில் ஆடினேன். தெரியாமலா இருந்தேன்?

அன்றையிலிருந்து அத்தான் மில்லிலேயே படுக்கிறார். நேற்றுச் சொங்குல் அடுப்படியில் வந்து நின்று, "அப்ப நாங்கல்லாம் உனக்குப் பிடிக்காமப் பொறந்த புள்ளைங்களாம்மா?" என்று கேட்டாள்.

இதற்கு என்ன பதில் என்று எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்?

பெரிஹான்


அங்காரா,
8 ஜனவரி 1987

அக்கா, என் அக்கா,

திட்டு, அடி, நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேள். அந்த அத்தியாயத்தை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி எழுந்து, "எங்கம்மா கதையும் இதேதான் மேடம். அவங்க இப்பவும் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உன்னைப் போல எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுகிறேன்.

அத்தான் ஏதாவது பேசினாரா? உண்மை வெளியே வந்த பிறகு ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாட்டிலும் இல்லை, நாவலிலும் இல்லை, அக்கா. கொஞ்சம் விவரமாக எழுது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கும்
நெர்மின்


கார்ஸ்,
15 பிப்ரவரி 1987

நெர்மினுக்கு,

பேசினார். மில்லுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். தட்டைத் தொடவில்லை.

"நெசமாவே கத்தினியா?" என்றார்.

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"மானத்துக்காகப் பொண்ணுங்க கத்தத்தான் செய்யும், கண்டுக்காதேன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. பாட்டுலயும் அப்படித்தானே வருது. இத்தனை வருசமும் நான் அப்படித்தான் நெனச்சேன், பெரி."

"நெசமாத்தான் கத்தினேன்," என்றேன். இதை அவரிடம் நான் சொல்வது அதுதான் முதல் தடவை.

கோதுமை மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதார். மாவு படிந்த முகத்தில் கண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அழ வேண்டியவள் நின்றுகொண்டிருந்தேன். பிறகு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து சொங்குலைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு பதில் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பதை உனக்கு எழுதப்போவதில்லை.

அத்தியாயத்தை எடுக்காதே. அந்த மாணவிக்கு அது வேண்டியிருக்கும். அதில் இருப்பவளை நீயே வைத்துக்கொள். அதற்குப் பிறகு நடப்பது என் வீட்டில் நடப்பது.

நீ கடிதம் போட்டால் பதில் போடுவேன். மரியாதை விட்டுப்போகாது. இங்கே பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. எருமைக்குக் காலில் புண், மருந்து கட்டியிருக்கிறோம். ஆற்றில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

திருமதி பெரிஹான் துர்சுன்