திருவிழா வாத்து

18.2.1999

அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலியோடு இன்னும் சாலைக் கடைக்கு நடந்தா போகிறீர்கள்? நான் சுகம்.

பெல்ஜியத்தில் நான் வேலை செய்யும் பண்ணை இருக்கும் சிற்றூரில் ஞாயிறன்று திருவிழா. ஒரு வாத்தைக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். குதிரையில் வந்து அதன் தலையைப் பிய்ப்பவன்தான் ஓராண்டுக்கு ஊர் ராஜா. முன்னெல்லாம் உயிரோடு தொங்கவிட்டார்களாம். இப்போது கொன்றுவிட்டுத் தொங்கவிடுவதால் திருந்திவிட்டார்களாம்! "போற எடத்துல ஆளோட ஆளா நிக்கணும் மக்கா" என்றீர்களே, நானும் கயிறு பிடித்தேன். நான் தீனி போட்டு வளர்த்த வாத்துதான். தலை பிய்ந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். நார்த்தங்காய் ஊறுகாய் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

மாடு கத்துகிறது, முடிக்கிறேன். உறையின் மேல் என் பெயரை முழுதாக எழுதுங்கள். ஏழு மாதமாகியும் இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. வாத்தை மார்த்தா என்று கூப்பிட்டார்கள்.

தாணுமாலையன்