நான் எடுக்காத ஸ்கான்

என் ஆசை அக்காவுக்கு,

நீங்கள் போய் ஆறு வருஷம். இன்று பின்னேரம் டயலிசிஸ் முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தவுடன் இதை எழுதுகிறேன். ஓம் அக்கா, உங்களுக்கு வந்த அதே வருத்தம்தான் எனக்கும். இரண்டு சிறுநீரகங்களும் நீர்க்கட்டிகளால் நிறைந்துவிட்டன.

உங்களுக்குச் சொன்ன வழிகளையே டொக்டர் எனக்கும் சொன்னார். வாரத்துக்கு மூன்று நாள் இப்படியே இரத்தத்தைச் சுத்திகரிக்கலாம். வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்யலாம், ஆனால் என் சிறுநீரகங்கள் பெருத்து அதற்கு இடமில்லையாம். இல்லாவிட்டால் மாற்றுச் சிறுநீரகம். பெண்சாதி என்ற உரிமையில் வசந்தி தன்னுடையதைத் தருகிறேன் என்கிறாள், பொருத்தமும் சரி. முதலில் என் வலப்பக்கச் சிறுநீரகத்தை வெட்டி எடுத்தால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும்.

அவள் சொன்ன அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அத்தானும் தன்னுடையதைத் தரட்டுமா என்று உங்களிடம் அப்படித்தானே கேட்டார்?

கொட்டாஞ்சேனை வீட்டில் நீங்கள் அவருக்குச் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "வேலைக்குப் போற உங்களை ஏன் வெட்டோணும்? தம்பி தருவான்." பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "இது குடும்பத்தில வாற வருத்தமாம். நீ முதல்ல ஒரு ஸ்கான் எடுக்கோணுமாம். எடுக்கிறியே?"

"ஒபிஸில லீவு இல்லை அக்கா. வாற மாசம் பாப்பம்."

லீவு இருந்தது. சிறுநீரகம் கொடுக்க நான் பயப்படவில்லை. எனக்கும் இருக்குமோ என்று அறியத்தான் பயந்தேன். மாதங்கள் போயின. நீங்கள் இரண்டாம் தடவை கேட்கவில்லை, அத்தானைத் தரவும் விடவில்லை. காய்ச்சலாக வந்த கிருமி இரத்தத்தில் பரவி நான்கே நாளில் உங்களைக் கொண்டுபோனது.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் ஸ்கான் எடுத்தேன். டொக்டர் படத்தைப் பார்த்தார். "உங்கட கிட்னியை அவவுக்குக் குடுத்திருக்கேலாது. முந்தியே தெரிஞ்சிருந்தா வேற ஆளைப் பாத்திருக்கலாம்."

முதல் வசனம் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

இப்போது மெஷின் சத்தம் போடும்போதெல்லாம் பக்கத்துக் கதிரையில் நீங்கள் இருக்கிறீர்கள். கோபமாக இல்லை. "லீவு கிடைச்சிட்டுதோ தம்பி?" என்று மெல்லக் கேட்கிறீர்கள். நேர்ஸ் மிஸ்ஸி வந்து பொத்தானை அழுத்துகிறா. சத்தம் நிற்கிறது. நீங்கள் போவதில்லை.

போன கிழமை டயலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் மகள் மதுரா வந்தாள். உங்களைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, நானும் ஸ்கான் எடுக்கோணும் எண்டு டொக்டர் சொல்றார். பயமா இருக்கு. அம்மா உங்களிட்டக் கிட்னி கேட்டவவோ?"

"இல்லை பிள்ளை," என்றேன். ஊசி ஏறிய கையை அவள் தடவிக்கொண்டிருந்தாள். அவள் போகும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. ஏன் அக்கா அப்படிச் சொன்னேன்? செத்த பிறகும் உங்களை ஏமாற்றவா?

நாளைக்கு அவள் ஸ்கான் எடுக்கப் போகும்போது நானும் போகிறேன். அவள் உள்ளே போக முன்னமே எல்லாவற்றையும் சொல்லுவேன். நீங்கள் கேட்டதையும் லீவு இல்லை என்று நான் சொன்ன பொய்யையும், அதனால் வீணாய்ப் போன மாதங்களையும். அதன் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடாமல் விடலாம். விட்டாலும், கதவு திறக்கும்வரை வெளி வாங்கில் உட்கார்ந்திருப்பேன். இது சத்தியம் அக்கா.

உங்கள் ஒரே தம்பி,
சிவா