அப்பா ஷூவில் இல்லாத பொத்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் வருகிற நினைப்பு அதுதான். இங்கே நான் இருக்கிறேன். நல்லபடியாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். கம்பெனியில் என்னை ஜன்னல் பக்கத்து மிஷினுக்கு மாற்றிவிட்டார்கள், சூப்பர்வைசர் நல்ல மனசோடு செய்தது, ஆனால் ஜன்னலில் பார்த்தால் பஸ் போகிறது, அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு பொத்தான் தைக்கிறேன். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, ஆள் வந்து சரி செய்துவிட்டான். அப்பாவோடு பஸ் ஓட்டியவர்கள் நான்கு பேர் வந்து, அவர் ஓய்வு பெற்ற அன்றைக்கு எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். வேறு போட்டோ கிடைக்கவில்லையா என்று கேட்க வாய் வரவில்லை.

அப்பா போய் இன்றோடு அறுபத்து மூன்று நாள். போன வாரம் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார், உனக்குத் தெரியாமல்தான் செய்தார், அதற்காக அவரிடம் சண்டை போடாதே. அத்தை, அவ ஓடுறத நிறுத்திட்டா, ஷூவத் தூக்கிக் குப்பையில போட்டுட்டா, லீவு நாள் முழுக்க போனை வச்சுக்கிட்டு மாமாவோட கடைசி நாள் ஓட்டக் கணக்கையே பாத்துட்டு உக்காந்திருக்கா, நாந்தான் அப்பாவ வேகமாப் போகச் சொன்னேன், நாந்தான் கொன்னுட்டேன்னு சொல்றா, அப்படின்னு சொன்னார். அதைக் கேட்டதும் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், சாப்டியா என்று கேட்டேன், சாப்ட்டேன்மா என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும், பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்த பிறகு நீ அந்தக் கடிகாரத்தை அனுப்பினாய். வேகமாகப் போகக் கூடாது, ஒரே சீராகப் போக வேண்டும், அது காட்டுவதை நான் இங்கிருந்து என் போனில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். அது வானத்தில் இருக்கிற சாட்டிலைட்டைக் கேட்டு வேகம் சொல்கிற கடிகாரம், நம் மைதானத்தைச் சுற்றி அடுக்குமாடி, அதற்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நேரம் கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம் என்னும், அடுத்த திருப்பத்தில் பதினாறு என்னும். உன் கடிகாரக் கணக்குப்படி நான் ரெண்டு மாடி ஏறிக் குதிச்சு அடுத்த தெருவுக்குப் போயிட்டு வந்திருக்கேன், வாத்தியாரம்மா, என்று அப்பா உன்னிடம் சொல்லிச் சிரித்தார் இல்லையா. அதற்குப் பிறகுதான் ஷூ கயிற்றில் மாட்டி, எடுத்து வைக்கிற அடியை எண்ணிக் கடிகாரத்துக்குச் சொல்கிற அந்தச் சின்ன உணரியை அனுப்பினாய். எனக்கு அது பொத்தான் மாதிரி இருந்தது, நான் பொத்தான் என்றேன், வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. அப்பாவுக்கு அதை ரொம்பப் பிடித்தது. முப்பது வருஷம் மீட்டரைப் பார்த்து ஓட்டினவன் நான், ஜன்னல் வழியா மரத்தைப் பாத்து வேகம் சொல்றதெல்லாம் ஒரு கணக்கா, சக்கரத்துல இருந்து வர்றதுதான் கணக்கு, இப்பதான் உன் கடிகாரம் என் காலைக் கேக்குது என்பார். நீ சொன்னபடி மைதானத்தை நாலு சுற்று நடந்து, கடிகாரம் காட்டிய தூரத்தை உன்னிடம் சொல்லி, சரிபார்த்து வைத்தார்.

ஐந்து மாதம் ஒழுங்காகப் போனார். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. ஒருநாள் இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டார், மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் டாக்டரிடம் போனோம். இருதயம் பலம் குறைந்துவிட்டது, மாத்திரை மாற்றித் தருகிறேன், இனிமேல் ஓட்டமும் வேண்டாம் நடையும் வேண்டாம், காற்று வாங்க உட்காரலாம் என்று சொன்னார். வெளியே வந்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ளைக்குச் சொல்லாதே, போன தடவையே வேலைய விட்டுட்டு ஓடி வந்துச்சு, மறுபடி தேட ஒரு வருஷம் ஆச்சு, இப்பதான் நிமிந்து நிக்குது என்றார். கணக்கு வராவிட்டால் அவளே கேட்பாளே என்றேன். அப்ப கடிகாரத்தையும் பொத்தானையும் நீ போட்டுக்க, அது யார் காலுன்னு கேக்கவா போகுது என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் கண்ணு. சரி என்றேன்.

மறுநாளிலிருந்து கடிகாரம் என் கையில், பொத்தான் என் ஷூவில். அவர் மைதானத்து வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், நான் சுற்றுவேன். மைதானத்துக் காவல்காரர், என்னங்க இது, டிரைவர் உக்காந்துட்டாரு, கண்டக்டர் ஓடுறாங்க என்று கேலி செய்வார். என் ஷூ கயிறு வழுக்கும், பொத்தான் ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் கம்பெனி நூலால் நாலு சுற்று சுற்றித் தைத்துவிட்டேன். அந்த வாரமே நீ கேட்டாய், அப்பா ஏன் அடி சின்னதா வைக்கிறீங்க, கணக்கு தப்பா வருது போல, மறுபடி நாலு சுத்துப் போய் சரிபாருங்க என்று. புது ஷூ என்று அவர் சமாளித்தார். நாலு சுற்றும் நான்தான் போனேன். அன்றைக்கே அந்தப் பொத்தான் என் காலுக்குப் பழகிவிட்டது. இனிமேல் அது காட்டுவதெல்லாம் துல்லியம்தான்ப்பா என்று நீ சந்தோஷப்பட்டாய். நாடி நல்லா இருக்கு, இருதயம் தேறிடுச்சுன்னு சொன்னாய். அது என் நாடி. போனை வைத்துவிட்டு அவர் சிரித்தார், நான் உள்ளே போய் அழுதேன்.

அரை நிமிஷம் வேகம் கூட்டுங்க, உங்களால முடியும் என்று நீ சொன்னாயே, அதையும் நான்தான் செய்தேன். வாத்தியாரம்மா சொல்லிட்டா, விடாதே, கையை வீசு என்று அவர் பெஞ்சிலிருந்து விரட்டுவார். நீ சொன்ன வேகத்தில் அப்பா ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. நான் சொல்வதை நம்பு. காரியத்துக்கு நீ வந்திருந்த மூன்று நாளில் அப்பா ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பொத்தானைத் தேடினாய், எங்கேயோ விழுந்திருக்கும் என்றேன். விழவில்லை. அலமாரியில் என் ஷூவில் அப்படியே இருந்தது, நூல்கூட அவிழவில்லை.

கடைசி நாள் கணக்கைச் சொல்கிறேன். முதல் இரண்டு சுற்று பத்து நிமிஷ வேகத்தில் இருக்கும், பிறகு திடீரென்று ஆறரை நிமிஷத்துக்கு வரும், நாடி நூற்றி அறுபதைத் தாண்டும், அங்கேயே முடிந்துவிடும். மாப்பிள்ளை அதைப் படித்துச் சொன்னார். அப்பா உன் பேச்சைக் கேட்டு மூச்சைப் பிடித்து ஓடினார், விழுந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவர் ஓடவில்லை. அன்றைக்கு மூன்றாவது சுற்றில் எதிர்ப்பக்கம் இருந்தேன், எப்போதும் அங்கே வரும்போது கையைத் தூக்குவார், அன்றைக்குத் தூக்கவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் ஓடினேன். என் வாழ்நாளில் அப்படி ஓடினதில்லை, ஒரு அரைச் சுற்றுத் தூரம்தான், அது முடியவே இல்லை. காவல்காரரும் ஓடி வந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கை சூடாகத்தான் இருந்தது, கண் திறந்திருந்தது, நான் வருகிற பக்கம் பார்த்தபடி. வலித்த மாதிரி முகம் இல்லை. நீ பார்த்துக்கொண்டிருக்கிற அந்த வேகம் நான் அவரிடம் ஓடின வேகம், அந்த நாடி என்னுடையது. உன் பொத்தான் சரியாகத்தான் கணக்கு எடுத்திருக்கிறது.

அவர் போனதற்கு நீ காரணம் இல்லை. ஆனால் உண்மை தெரிந்திருந்தால் நீ வந்து பார்த்திருப்பாய், ஒரு வாரமாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். அதை உன்னிடமிருந்து எடுத்தது நாங்கள், அவர் போய்விட்டார், இப்போது நான் மட்டும்தான் பதில் சொல்ல இருக்கிறேன். அவர் சொல்லித்தான் செய்தேன் என்று தப்பித்துக்கொள்ளப் போவதில்லை, எனக்கு வாய் இருந்தது, பேசவில்லை. கோபம் இருந்தால் என்மேல் வை, உன்மேல் வைத்துக்கொள்ளாதே. திட்டுவதானாலும் போன் செய்து திட்டு, சாப்ட்டேன்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதே.

புது ஷூ வாங்கிக்கொள், பழையதைவிட அரை அளவு பெரிதாகப் பார்த்து வாங்கு, உனக்கு விரல் நெருக்கும். வெறும் வயிற்றில் ஓடாதே. மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ, அவருக்கு வயிறு தெரிகிறது, நான் சொன்னதாகச் சொல்லாதே.

இன்னொன்று. கடிகாரத்துக்குச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன், பொத்தானில் பேட்டரி இன்னும் இருக்கிறது. எனக்கு மறுபடி மைதானத்துக்குப் போக வேண்டும் போல இருக்கிறது. ஆனால் நான் நடந்தால் உன் போனில் அப்பா பெயர்தான் வரும், அதை மாற்ற எனக்குத் தெரியாது, திடீரென்று பார்த்தால் நீ பயந்துவிடுவாய். அதனால் உன் போன் வருகிற வரைக்கும் போகமாட்டேன். நீ பேசிய மறுநாள் காலையில் அவர் பெயரில் பத்தரை நிமிஷ வேகம் ஒன்று வரும். அடி சின்னதாக இருக்கும். அது நான்தான், பயப்படாதே. முடிந்தால் அதே நேரத்துக்கு நீயும் அங்கே ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பு.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுசும் குறைவில்லாத உடம்பும் கிடைக்கட்டும் என்று வாழ்த்தும்,
உன் போனுக்காகக் காத்திருக்கும்
அம்மா