கழுவிக்கொண்டு போன கால்

மார்ச் 25, செவ்வாய்

யாழ்ப்பாணத்தில் டயலிசிஸ் முடித்து, ஊர்காவற்றுறையில் பஸ்ஸால் இறங்கி, வீட்டு வாசல் வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறேன். தெரியவேயில்லை. என் மனுசன் பிலிப்பு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கையடி மற்றது? பஸ்ஸுக்குக் காணிக்கை போட்டனியோ?" நானும் சிரித்து வைத்தேன். கால் நிலத்தில் படுவதே தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சிறுநீரகம் போய்விட்டது, பிறஷர், இப்போது இதுவுமோ?

ஏப்ரல் 5, சனி

தாதி நிலாந்தினி இன்றைக்கும் கேட்டாள். "அக்கா, கால் விறைக்குதோ? எரியுதோ?"

"இல்லைப் பிள்ளை."

பச்சைப் பொய். இரவில் மிளகாய்த்தூள் பூசியதுபோல எரியும், பகலில் மரக்கட்டை. ஆனால் பக்கத்துக் கட்டிலில் மடத்துவெளி யோகம்மாக்கா கிடக்கிறா. அவவின் காதில் விழுந்தால் பஸ் வேலணை தாண்டமுன் தீவு முழுக்கத் தெரியும். உணர்ச்சியில்லாத கால் என்றால் சனம் முதலில் நினைப்பது தொழுநோயைத்தான். பிறகு எங்கள் வீட்டில் யார் தேத்தண்ணி குடிப்பார்கள்?

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

பெரிய வியாழன் பூசையில், யேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துப் பாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. பெயர் கொடுத்தவர் என் மனுசனாம்! "ஏலாத மனுசி, ஆசீர்வாதம் கிடைக்கட்டும்" என்கிறார். மறுக்க என்ன காரணம் சொல்ல?

ஏப்ரல் 15, செவ்வாய்

நிலாந்தினி கேட்டாள். இல்லை என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

எழுதக் கை கூசுகிறது.

பாதர் கழுவமுன் எல்லாரும் வீட்டில் தேய்த்துக் கழுவிக்கொண்டுதானே போவோம் — ஊத்தைக் காலை யார் நீட்டுவார்? நேற்று நானும் குசினியில் வெந்நீர் வைத்து, காலை உள்ளே விட்டு ஊறவைத்துத் தேய்த்தேன். சிவந்திருந்தது. தேய்த்த சிவப்பு என்று நினைத்தேன்.

கோயிலில் பாதர் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துவாயால் துடைத்தார். துவாயோடு தோல் கழன்று வந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதுதான் தாங்க ஏலாமல் கிடக்கு. ஊரே பார்க்குது, நான் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறன்!

"அம்மா, நோகேல்லையோ?" பாதர் துடைப்பதை நிறுத்தினார்.

"இல்லை பாதர்." அந்த ஒரு இல்லைதான் உண்மை.

ஆண்கள் பக்கத்திலிருந்து என் மனுசன் ஓடி வந்தார். மருந்து கட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார். "எனக்கும் சொல்லேல்லையேடி." நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

ஏப்ரல் 19, சனி

கட்டுப் போட்ட காலோடு டயலிசிஸுக்குப் போனேன். நிலாந்தினி கேட்கமுன் நானே சொன்னேன். "விறைக்குது பிள்ளை. கன காலமா. நான்தான் பொய் சொன்னனான்." வெட்கத்தில் முகம் சுட்டது.

அவள் ஏசவில்லை. "இது தொற்றுற வருத்தமில்லை அக்கா. கிட்னி வேலை செய்யாட்டிக் கழிவு தேங்கி நரம்பைத் தாக்கும். இஞ்ச கன பேருக்கு இருக்கு. சொன்னால்தானே டொக்டரும் ஏதும் செய்யலாம்?"

யோகம்மாக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தா. நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகட்டும், ஊரெல்லாம் போகட்டும்.

பிறகு, பக்கத்துக் கட்டிலில் போர்வையை விலக்கும் சத்தம்.

"பிள்ளை, என்ரை காலையும் ஒருக்காப் பாருமன்."