ஐந்தாவது வளையம்

22 ஜூலை, செவ்வாய்

கச்சான் காற்று. காலையிலிருந்து மண் அள்ளி வீசுகிறது. பிளேன்டீயிலும் மண், பல்லிலும் மண்.

இன்று வளவுக்கு வந்த தண்ணீர்: ரோட்டோரப் பள்ளிவாசல் கிணற்றில் நிரப்பிய கேன், ஆறு. ஓட்டோக்காரன் பாதி வழியில் இறக்கிவிட்டான். "ராத்தா, இதுக்கு மேல போனா டயர் புதையும்." மிச்சத் தூரம் நான் தூக்கினேன். இரண்டு இரண்டாக, மூன்று நடை. போன மாதம் தண்ணீர் கொண்டுவந்த பவுசர் லொறி மணலில் புதைந்து, ட்ரக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பவுசர்காரர் என் போன் கோல் எடுப்பதே இல்லை. பைப் தண்ணீர் பெரிய ரோட்டோடு சரி.

பள்ளிவாசல்துறைப் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே அரை மணி நடை. வாப்பா எனக்கு எழுதித் தந்த தென்னை நிலம்தான் இந்த வளவு. சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று. சீமெந்து குழைக்கத் தண்ணீர் இல்லை, சமைக்க இல்லை, தொழுகைக்கு வுளூ எடுக்க இல்லை. இதற்குப் பெயர் வீடா?

அவசரத்தின் காரணம்: கல்யாணமாகிப் பதினொரு வருடமாக நானும் இவரும் பாலாவியில் என் கூடப்பிறந்த நானாவின் வீட்டில் ஓர் அறையில். நானாவின் மகள் ஷிஃபாவுக்கு வருகிற மாதம் 22 நிக்காஹ். எங்களில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். 15க்குள் எங்கள் அறை காலியாக வேண்டும். போ என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

நாளை கிணறு தோண்ட அந்தோனி அண்ணன் வருகிறார், தலவில ஊர்க்காரர். இனி அ.அ. என்றே எழுதுவேன், கை வலிக்கிறது.

25 ஜூலை, வெள்ளி

தண்ணீர்! அல்ஹம்துலில்லாஹ்.

அ.அ. வேலை செய்வது பார்க்க நன்றாக இருக்கிறது. சீமெந்து வளையத்தை மணலில் வைத்து, உள்ளே நின்றுகொண்டு மண்ணை வாருகிறார். வார வார வளையம் தானே இறங்குகிறது. பிறகு மேலே இன்னொன்று. நாலாவது இறங்கும்போது மண் நனைந்தது, கொஞ்ச நேரத்தில் அவருடைய முழங்காலுக்குத் தண்ணீர். ஒரு கை ஏந்திக் குடித்தார். இன்னொரு கையும் குடித்தார். "நல்ல தண்ணி, தங்கச்சி" என்றார். உப்புத் தண்ணீரென்றால் முதல் கையிலேயே துப்பிவிடுவாராம்.

நான் குடித்தேன். இளநீர் மாதிரி இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. அது போதும்.

குடிபோகும் அன்று முதலில் கொண்டு போக: குர்ஆன். அரிசி. உப்பு. கெத்தல். பாய் இரண்டு.

26 ஜூலை, சனி

அ.அ.வுடன் சண்டை. நான்தான் சண்டை பிடித்தேன், அவர் சும்மா நின்றார்.

நான் வாங்கியது ஐந்து வளையம். நானாவின் கிணறு ஐந்து வளையம், அதனால் எனக்கும் ஐந்து என்று நினைத்துவிட்டேன். அ.அ. நாலோடு நிற்பாட்டிவிட்டார். ஐந்தாவது தென்னைக்கடியில் சும்மா கிடக்கிறது. முழங்கால் தண்ணீர் யாருக்குக் காணும்?

"இன்னும் ஒண்டு இறக்குங்க அண்ணே."

"ஏலாது தங்கச்சி. மேல நிக்கிறது மழைத்தண்ணி. கீழ கடல். ரெண்டுக்கும் நடுவுல சுவரா கட்டி வச்சிருக்கு?"

"நானாட கிணத்துல அஞ்சு இருக்கே?"

"அது பாலாவி. இது இங்க. வாளி போட்டு அள்ளுங்க, அள்ளின அளவு ஊறும். இறைக்கிற மெஷின் மட்டும் வேணாம்."

சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய கோயிலில் திருநாள், வீடு அதே ஊரில் என்றாலும் குடும்பத்தோடு அங்கேயே கொட்டில் போட்டுத் தங்குவாராம், அடுத்த ஞாயிறு முடியும்வரை. பின்னேரம் பஸ் முழுக்கத் தலவிலக்குப் போகிற சனம். பாய், சட்டி, பிள்ளை, கோழி. எனக்கு நிற்கக்கூட இடமில்லை.

இவரிடம் சொன்னேன். உப்பளத்தில் இப்போது உப்பு வாரும் காலம், களைத்துப்போய் வந்திருந்தார். "அந்தாள் சொன்னா கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். கேட்கிற ஆளா நான்?

28 ஜூலை, திங்கள்

கேட்கவில்லை.

ரிஸ்வான் பாஸ் பூச்சு வேலைக்கு வந்தார், குருநாகல் பக்கத்து மேசன். கிணற்றை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது கிணறா ராத்தா, கோப்பையா? எங்கட ஊர்ல தோண்டத் தோண்டத்தான் தண்ணி." அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மத்தியானத்துக்குள் ஐந்தாவது வளையத்தையும் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் நெஞ்சளவு!

குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான். அ.அ.வுக்குச் சோம்பல் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

29 ஜூலை, செவ்வாய்

பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் கேட்டு இறைக்கிற மெஷின் கொண்டுவந்தோம். தண்ணீர்த் தாங்கி நிரம்பியது. பிறகும் ஓடவிட்டேன், பார்க்க ஆசையாக இருந்தது. முருங்கைக் கன்றுக்கு, வாழைக்கு, சும்மா மணலுக்கு. தலையில் ஊற்றிக்கொண்டேன், உடுப்போடு. பாஸ் அடுக்களைச் சுவரைப் பூசத் தொடங்கினார்.

31 ஜூலை, வியாழன்

சவர்க்காரம் நுரைக்கவில்லை. என்ன கண்டறியாத சவர்க்காரம் என்று கடைக்காரனைத்தான் ஏசினேன்.

பருப்பு ஒன்றரை மணி நேரம் கொதித்தும் கல்லு. பிளேன்டீ குடித்த ரிஸ்வான் பாஸ் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

உப்பு.

அடுக்களைச் சுவரில், நேற்றுக் காய்ந்த இடத்தில், வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். யா அல்லாஹ்.

இவர் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். ஒரு வாய் எடுத்து, வாயிலேயே வைத்திருந்து, துப்பினார். உப்போடேயே வேலை செய்கிறவர், நாக்கு பிசகாது. "பாத்தியில விட்டா நாலு நாள்ல உப்பு வாரலாம்" என்றார். பகிடிக்குச் சொன்னார். நான் அழுதேன். பிறகு அவரும் பக்கத்தில் வந்து இருந்தார்.

குடிபோகும் பட்டியலில் உப்பை வெட்டிவிட்டேன். அதுதான் கிணறு நிறைய இருக்கிறதே.

1 ஓகஸ்ட், வெள்ளி

பாலாவி. மதினி சோறு போடும்போது: "அவசரப்படாதீங்க. கல்யாணத்துக்குப் பிறகும் பின்னறையில இருக்கலாம்தானே." நல்ல மனதோடுதான் சொன்னா. புது மாப்பிள்ளை இருக்கிற வீட்டில், பின்னறையில், மாமியும் மாமாவும், அலுமாரியும் தையல் மெஷினும். செத்தாலும் மாட்டேன்.

ஷிஃபா வந்து பக்கத்தில் இருந்தாள். "மாமி, நான் ஒண்டும் சொல்லலியே?" என்றாள். இல்லை மகள், நீ ஒன்றும் சொல்லவில்லை. மாமிக்குத்தான் புத்தி கெட்டுப்போனது.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தோம். ரிஸ்வான் பாஸுக்கு வேறு வேலை வந்துவிட்டதாம். வரும், வரும்.

4 ஓகஸ்ட், திங்கள்

காலையிலேயே தலவிலக்குப் போனேன். திருநாள் முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. அ.அ. கொட்டில் பிரித்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்: "அண்ணே, அஞ்சாவதை இறக்கிட்டேன்."

கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "மெஷினும் போட்டீங்களோ?"

"ஓம்."

"எவ்வளவு நேரம்?"

"பகல் முழுக்க."

ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். பிறகு என்னோடேயே பஸ் ஏறினார்.

கிணற்றில் ஒரு கை ஏந்தினார். துப்பினார்.

வளையத்தை இனி எடுக்க முடியாதாம். கிணற்றின் அடியில், ஐந்தாவதின் உயரத்துக்குச் சுத்தமான வெள்ளை மணல் போட்டு நிரப்பினோம், இவர், அ.அ., நான். கடற்கரை மணல் கூடாது, வளவின் மேட்டு மணல்தான். வாளி வாளியாக, பின்னேரம் வரை. என் உள்ளங்கையில் கொப்புளம் நாலு. வலித்தது நல்லதுதான்.

"இனித் தொடக் கூடாது. இழுத்த உப்பு தானா இறங்கணும். ஒரு கிழமைக்கு மேல, எட்டொம்பது நாள் போகும். சரி வராமலும் போகலாம், முதல்லயே சொல்லிட்டேன். அடுத்த புதன் வாறன்."

6 ஓகஸ்ட், புதன்

தொடவில்லை. எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். திரும்பவும் பள்ளிக் கிணறு, கேன் ஆறு, மூன்று நடை.

வெள்ளை பூத்த பூச்சை நானே சுரண்டினேன். ரேடியோவில் மழை இல்லை என்றார்கள்.

9 ஓகஸ்ட், சனி

பொய் எழுத மாட்டேன். விரலை நனைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை மாதிரி. திரும்ப நனைத்தேன், இருக்கிறது மாதிரி. ஆசைப்படுகிற நாக்கை நம்ப முடியாது. இவரைக் கேட்டேன், மாட்டேன் என்றார். "எனக்கும் ஆசைதானே, புதன் வரட்டும்."

பாலாவியில் சுவர்களுக்கு வெள்ளை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் அறையை மட்டும் விட்டுவிட்டு.

12 ஓகஸ்ட், செவ்வாய்

காற்று. பின்னறையில் அலுமாரி கொள்ளுமா என்று நூல் பிடித்து அளந்தேன். கொள்ளும். கதவு பாதிதான் திறக்கும். அளந்ததை இவருக்குச் சொல்லவில்லை.

13 ஓகஸ்ட், புதன்

அ.அ. ஏழு மணிக்கே வந்தார். இவர் வேலைக்குப் போகவில்லை. தண்ணீர் முழங்காலுக்கும் கொஞ்சம் கீழே.

வாளியை அவரே விட்டார், கலங்காமல், மேலாப்பில் மட்டும் அள்ளி. நான் தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பார்க்கவில்லை, பிறகு பார்த்தேன்.

ஒரு கை. விழுங்கினார். கடலைப் பார்த்தார். என்னவோ யோசித்தார். இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இரண்டாவது கை ஏந்தினார்.

"ஒரு நாளைக்கு இருபது வாளி. அதுக்கு மேல ஒரு சிரட்டையும் இல்ல, சரியா தங்கச்சி?"

"ஓம் அண்ணே. ஓம். ஓம்."

நாளைக்கு லொறி, பாதி வழி வரை. பட்டியல்: குர்ஆன். அரிசி. கெத்தல். பாய் இரண்டு. கயிறும் வாளியும்.

உப்பு, ஒரு பக்கெட். வாங்க வேண்டும்.