மறையூருக்குப் பின்பக்கமாய்ப் போனது

6-1-1974
கியர் போட்டால் 'டொக்'. எடுத்தால் 'டொக்'. எங்கள் ஜீப் கோபாலபுரம் செக்போஸ்ட்டை நெருங்குவதற்கு முன்பே அங்கே இருக்கும் காவலர் கயிற்றை அவிழ்க்க எழுந்துவிடுகிறார். பட்டாளம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி. பட்டாளத்துக்காரன் என்ன முட்டாளா? இவரிடம் கேட்டேன்.

"ஜீப்புன்னா சத்தம் இருக்கத்தான் புள்ள செய்யும்" என்றார்.

"உங்களுக்குந்தான் இருக்குதுங்க. உங்களை ஏலத்துல உட்டமா?"

சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போனார். அரை மணி நேரத்தில் வந்து சாப்பிட்டார்.

14-1-1974
பொங்கல். ஜானகி விஷயம் பேச்சாகிவிட்டது. ஜானகி இவருடைய தங்கை. புருஷன் போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். மலைமேல் மறையூரில் கரும்புப்பால் காய்ச்சி வெல்லம் பிடிக்கிற மாரப்பன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அவருக்கும் பெண்டாட்டி இல்லை. தூரத்துச் சொந்தம்தான்.

பங்காளிகள் ஒருவரும் வரமாட்டார்களாம். "ரெண்டாந்தாலிக்கு நாங்க வந்து நிக்கோணுமா?" என்று பெரிய பங்காளி குப்பண்ணன் கேட்டாராம். வரவேண்டாம். பாயசம் மிச்சம்.

இவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "என்ற தங்கச்சி. என்ற ஜீப்பு. நாம போறோம்." இந்த மனுஷனை எத்தனை திட்டினாலும் இப்படி ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுகிறார்.

ஜானகியைக் கேட்டேன். அண்ணன் பெண்டாட்டி என்பதால் என்னை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். "வந்து பாக்கறேன் நங்கையா. மனசுக்குப் புடிக்கலீன்னா திரும்பி வந்துருவேன்" என்றாள். மாசி பிறப்பதற்குள், பிப்ரவரி பத்தாம் தேதி வருவதாகவும், பிடித்தால் அங்கேயே தாலி என்றும் சொல்லி அனுப்பியாயிற்று.

அந்த 'டொக்'கை வைத்துக்கொண்டு மலை ஏறுவதா?

22-1-1974
பாலக்காடு போனோம். பழைய பட்டாள வண்டிகளுக்குச் சாமான் விற்கும் மொய்து, வண்டிக்கு அடியில் நீண்டு கிடக்கிற ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பற்கள் ஆடுகிற மாதிரி ஆடியது. ஷாஃப்ட்டின் இரண்டு நுனியிலும் யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கிறது. சிலுவை மாதிரி ஒரு இரும்பு. அதன் நான்கு கைக்கும் நான்கு கிண்ணம். கிண்ணத்துக்குள் சுற்றிலும் ஊசி ஊசியாய் இரும்புக் குச்சிகள். பின்னால் இருந்தது மொத்தமும் தேய்ந்துவிட்டது.

மொய்து இரண்டு வகை எடுத்துப் போட்டார். ஒன்று பட்டாளச் சரக்கு. கிரீஸ் அடிக்க நடுவில் ஒரு மூக்கு. இன்னொன்று புதுசு, மூக்கு கிடையாது, உள்ளே போட்டுவந்த கிரீஸோடு காலம் தள்ளும்.

"ஓட்டை போடாத இரும்புதான் பலம்" என்றார் இவர்.

"பலந்தான், ஆறுச்சாமியண்ணா. ஆனா நீங்க வாய்க்கால்ல வண்டிய எறக்குறீங்க. தண்ணி உள்ள போனா மூக்கு வச்சதுல கிரீஸ் அடிச்சு வெளிய தள்ளலாம். மூக்கில்லாதது அப்படியே துருப்பிடிச்சுப் போகும்" என்றார் மொய்து.

"மூக்கு வச்சதே வாங்குங்க. ரெண்டு பக்கமும் மாத்துங்க" என்றேன்.

"கிரீஸ் அடிக்கிறது யாரு? நீயா?"

நியாயமான கேள்வி. இவர் கிரீஸ் அடித்து நான் பார்த்ததில்லை. மூக்கில்லாததில் ஒன்றே ஒன்று வாங்கினார், பின்பக்கத்துக்கு மட்டும். முன்னால் இருப்பது "இன்னும் நல்லாத்தானே இருக்குது."

27-1-1974
மெக்கானிக் வேண்டாமாம். தானே மாட்டுவாராம். காலையிலிருந்து மதியம்வரை சுத்தியல் சத்தம். கடைசிக் கிண்ணம் மட்டும் முழுசாய் உள்ளே போகமாட்டேன் என்றது. அதைப் பிடித்து நிறுத்துகிற வளையம் பள்ளத்தில் உட்காரவில்லை. அடித்தார். இன்னும் அடித்தார். உட்கார்ந்த மாதிரி இருந்தது.

வண்டிக்கு அடியில் விரித்த சாக்கைச் சுருட்டும்போது பார்த்தேன், ஒரு ஊசி கிடந்தது.

"ஏனுங்க, இது மிச்சமாயிருச்சே?"

"கடைக்காரன் சேத்திப் போட்டுருப்பான்."

வெண்டைக்காய்க்குக் கொத்தமல்லி கொசுறு கொடுக்கிற மாதிரியா?

28-1-1974
'டொக்' இல்லை. இவர் நடையே மாறிவிட்டது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். போட்டிருப்பது பனியன்.

11-2-1974, மறையூர்
நேற்று எழுத முடியவில்லை. கை வலி.

சின்னாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டிக்கு அடியில் 'படார்'. தார் ரோட்டில் இரும்பு இழுபடுகிற சத்தம். இறங்கிப் பார்த்தால் ஷாஃப்ட்டின் பின்நுனி தரையில் கிடக்கிறது. வளையம் தெறித்து, கிண்ணம் எங்கோ போய்விட்டது. "ஊசி" என்று ஒரே வார்த்தை சொன்னேன். மனுஷன் முகம் செத்துப்போயிற்று. சொல்லியிருக்க வேண்டாம்.

சுற்றிலும் காடு. ரோட்டில் யானைச் சாணம், ஆறக்கூட இல்லை. ஜானகி பட்டுச்சேலையோடு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இதெல்லாம் ஆகாதுன்னு சாமியே சொல்லுது நங்கையா. திரும்பிருவம்" என்றாள்.

சாமிக்கு வேறு வேலை இல்லையா? ஒருத்தர் ஊசியை விட்டால் அதற்கு இவள் ஏன் — எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேனென்றே தெரியவில்லை. "சாமி சொல்லுல புள்ள, உங்கண்ணன் அடிச்ச சுத்தியல் சொல்லுது! எந்திரி!" என்று கத்தினதாக இவர் சொல்கிறார்.

இவர் ஷாஃப்ட்டைக் கழற்றி உள்ளே போட்டார். "முன்சக்கரத்துக்கும் தனியா இழுவை இருக்குதல்ல" என்று சின்ன லிவரைத் தள்ளினார். வண்டி நகர்ந்தது! மேடு வந்ததும் நின்றது. அரிசியும் தேங்காயும் பின்னால்; முன்சக்கரம் பாரமில்லாமல் வெறுமனே சுற்றுகிறது.

"ஏனுங்க, திருப்பி நிறுத்துங்க. பின்பக்கமா ஏறுனா பாரம் முன்சக்கரத்து மேல சாயும்."

என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். திருப்பினார்.

ஏறியது. ரிவர்ஸிலேயே ஏறியது. நாலு வளைவு தாண்டுவதற்குள் இவர் கழுத்து பிடித்துக்கொண்டது. தலை ஒரு பக்கமாய் நின்றுவிட்டது. நான் உட்கார்ந்தேன். நம் வயலில் டிராக்டர் ஓட்டியிருக்கிறேன். அது இவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடி ஜானகி, "எடது! எடது நங்கையா! பள்ளம்!" என்று கத்தினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு சத்தமாய்ப் பேசி நான் கேட்டதில்லை.

மறையூர் ஓரத்தில் மாரப்பன் வீட்டார் காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது உடுமலைப்பேட்டைப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற ஜீப். பெண் வீட்டார் மனசு மாறித் திரும்புகிறார்கள் என்று நினைத்து, மாரப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "போயிராதீங்க! ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க!"

அவர் ஓடிவர, நாங்கள் பின்பக்கமாய் வர, அவர் நேருக்கு நேர் வந்து சேர்ந்தது ஜானகியிடம்.

"நாங்க போகுலீங்க. வந்துட்டிருக்கறம்" என்றாள்.

அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்புறம் ஏனுங்க மூஞ்சி அந்தப் பக்கம் இருக்குது?"

"என்ற மூஞ்சி இந்தப் பக்கந்தானுங்களே இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கென்று தெரியவில்லை. இவருக்குத் திரும்பிப் பார்க்க முடியவில்லை, "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று காட்டையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

19-2-1974
கல்யாணத்தை முடித்துவிட்டு, ஜீப்பையும் ஏற்றிக்கொண்டு வெல்ல லாரியில் வந்து இறங்கினோம். நேரே மொய்து கடை. மூக்கு வைத்தது, இரண்டு பக்கத்துக்கும். நானே எடுத்தேன். மாட்டுகிறவர் மெக்கானிக். இவர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார்.

5-3-1974
கிரீஸ் அடித்தேன். நாற்றம்.

2-6-1974
கல்யாணம் முடிந்த பிறகு முதல்முறையாக ஜானகியைப் பார்க்கப் போனோம். குப்பண்ணன் விடிவதற்கு முன்பே குளித்து வந்து பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். மறையூர் வெல்லம் வயிற்றுக்கு நல்லதாம்.

உடுமலைப்பேட்டை தாண்டியதும் இவர் என் பக்கத்து சீட்டில் தூங்கிவிட்டார். வாய் திறந்தபடி, குறட்டையோடு. "மேடு வர்றதுக்கு முன்னால எழுப்பிவுடு, நான் ஓட்டறேன்" என்று சொல்லியிருந்தார்.

எழுப்பவில்லை.